முதல் ஹீட்

இராயபுரம்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி டெரிக்,

நான், ஷிஜி, ஜூடி மூவரும் ஆண்டவர் அருளால் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? பாரதீப் துறைமுகத்தில் மழை பிடித்துவிட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் காது இப்போது போனுக்கு ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள், சொந்தத் தம்பியிடம் ஒரு விரலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இனி தபால்தான். பதிலும் தபாலில் வேண்டும்.

விஷயம் இது. உன் மகள் ஜூடி கோடை விடுமுறையில் தண்டையார்பேட்டைக் குளத்தில் நீச்சல் பழகினாள் அல்லவா? கடைசி நாளில் திருமுருகன் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, கிளப்பின் போட்டி டீமில் அவளைச் சேர்க்கலாம் என்றார். டிசம்பர் வரை ஒத்திகை மாதிரி. வருடக் கடைசியில் படிவம் கொடுத்தால்தான் நிரந்தரம். அதில் தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "ஒருத்தரு மட்டும் போட்டா, மூணாவது மாசம் இன்னொருத்தரு வந்து நிறுத்திடுறாங்க, டீச்சர்" என்றார். அனுபவத்தில் சொல்கிறார். ஷிஜி, "அவர் வாயால சரின்னு சொல்லாம நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே பந்து உன்னிடம்.

வீட்டில் வேறு யாருக்கு நீச்சல் தெரியும் என்று மாஸ்டர் கேட்டார். ஜூடி உடனே, "எங்க அப்பா கப்பல இழுக்குற டக் போட்ல வேலை செய்றாரு சார். பத்து வயசுல காசிமேட்டு ஹார்பர்ல விழுந்து தனியா நீந்திகினே வந்தவரு" என்றாள். மாஸ்டருக்கு மகிழ்ச்சி. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நன்றாகச் சாப்பிடு.

செபத்தில் உன்னை மறவாத அக்கா,
கரோலின்


பாரதீப்
21 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு பரவாயில்லை. உங்களுக்குச் சர்க்கரை அளவு பார்த்தீர்களா?

உங்கள் கடிதத்தைப் படகில் வைத்துப் பிரித்தேன். "இன்னா மாமு, கோர்ட்டு நோட்டீஸா?" என்றான் ஹுமாயூன். தண்டையார்பேட்டைக்காரன், எங்கள் டக்கில் இன்ஜின் பார்ப்பவன். இந்தக் காலத்தில் தபாலில் வருவது அது ஒன்றுதானாம்.

ஜூடி விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. காலை ஐந்தரைக்குக் குளம் என்றால் நாலரைக்கு எழுப்ப வேண்டும். ஷிஜி எண்ணூர் கேன்டீன் ஷிப்டுக்குப் போகிறாள். நீங்கள்தான் அலைய வேண்டிவரும். படிப்பு கெடும். முடி கொட்டும் என்கிறார்கள். அந்த உடை வேறு. நம் ஆட்கள் பேசுவார்கள்.

இன்னொன்று. தலை முழுவதும் தண்ணீருக்குள் போகுமா? உள்ளே போனால் எவ்வளவு நேரம் கழித்து வெளியே வரும்? அப்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்? விசாரித்து எழுதுங்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
டெரிக்


இராயபுரம்
30 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். சர்க்கரை நூற்று நாற்பது. திட்டாதே.

உன் கேள்விகளுக்கு விடை. நாலரைக்கு எழுப்புவது கடினமல்ல, எட்டரைக்குத் தூங்க வைப்பதுதான் கடினம். அதனால் வீட்டுப்பாடம் இப்போது மாலை ஆறுக்குள் முடிகிறது. சென்ற வருடம் ராத்திரிச் சாப்பாடு வரை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை இவள். முடிக்கு ஒரு வழி உண்டு. குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துவிட்டுத் தொப்பி போட வேண்டும். ஏற்கெனவே வயிறு நிறைந்தவன் பந்தியில் கொஞ்சமாகச் சாப்பிடுகிற மாதிரி, நனைந்த முடி குளோரினைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது ரஹீமுன்னிசா. வண்ணாரப்பேட்டையிலிருந்து மகள் நவ்ரீனை மூன்று வருடமாகக் கூட்டிவருகிறாள். நவ்ரீன் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடை போடுகிறாள். உடையைப் பற்றி நான் இழுத்தபோது, "மாஸ்டர் ட்ரெஸ்ஸ பாக்க மாட்டாரு டீச்சர், வாட்ச்சதான் பாப்பாரு" என்றாள். ஜூடிக்கும் முழங்கால் வரை வரும் உடை வாங்கியாயிற்று.

தலை பற்றி. மூன்று கை வீச்சுக்கு ஒரு மூச்சு. உள்ளே இருப்பது இரண்டு விநாடி, நானே எண்ணினேன். கரையில் விசிலோடு ஒருவர் எப்போதும் நிற்கிறார். இந்த ஒரு கேள்வியை மட்டும் நீ மூன்று விதமாகக் கேட்டிருந்தாய். நானும் மூன்று முறை பதில் எழுதியதாக வைத்துக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
கரோலின்


பாரதீப்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கப்பல்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

ஜூடிக்குக் காது வலி என்று ஷிஜி போனில் சொன்னாள். இதற்குத்தான் வேண்டாம் என்றேன். காதில் விளையாடக் கூடாது. உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அப்படியே விட்டுவிட்டாலும் தப்பில்லை.

டெரிக்


இராயபுரம்
12 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

ஜூடிக்குக் காது சரியாகிவிட்டது. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அந்தக் காது வலிக்குக் காரணம் குளமல்ல, உன் அக்கா. தண்ணீர் நிற்கக் கூடாது என்று தினமும் பஞ்சைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "தலையைச் சாய்த்தால் தண்ணீர் தானே வந்துவிடும், உள்ளே யார் குடைந்தது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். ஆறு நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி போகிறாள்.

இன்னொரு குற்றமும் செய்திருக்கிறேன். எனக்குக் காது மந்தம், அதனால் குரல் பெரிது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்துகொண்டு, "காலை அடி ஜூடி, காலை அடி" என்று கத்திக்கொண்டிருந்தேன். மாஸ்டர் மேலே ஏறி வந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க பாடம் நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியில இருந்து ஒரு அம்மா 'கேரி ஓவர போடு, கேரி ஓவர போடு'ன்னா இன்னா பண்ணுவீங்க?" எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இப்போது வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். சர்க்கரை இல்லாத மிட்டாய்தான்.

நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தாய். நிறுத்தவில்லை. கோபம் என் மேல் இருக்கட்டும்.

கரோலின்


இராயபுரம்
15 செப்டம்பர் 2024

அன்பு டெரிக்,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று என் கையெழுத்து நேராக வராது.

28-ஆம் தேதி மாவட்டப் போட்டி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள், ஐம்பது மீட்டர், முப்பத்தெட்டுப் பேர். குளத்தில் எட்டுப் பேர்தான் ஒரே நேரத்தில் நீந்த முடியும் என்பதால் ஐந்து கூட்டமாகப் பிரிப்பார்கள். அதற்கு ஹீட் என்று பெயர். பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நம் ஜூடிக்கு முதல் ஹீட். சேர்ந்து மூன்று மாதத்தில் முதல் ஹீட்.

மாலையில் கோயில் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

கரோலின்


பாரதீப்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மிக்க நலம். கடிதத்தை நாலு தடவை படித்தேன். ரசகுல்லா டின் வாங்கி வந்து கேப்டன் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் கொடுத்தேன். முதல் ஹீட் என்று சொன்னதும் ஹுமாயூன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நான் ஏதேதோ எழுதியதை மனதில் வைக்காதீர்கள். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். நேரில் வந்தே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஷிஜியிடமும் சொல்லுங்கள்.

ஜூடிக்கு அப்பாவின் முத்தம்.

டெரிக்


இராயபுரம்
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். ஷிஜி போனில் 44.8 விநாடி என்று மட்டும் சொல்லியிருப்பாள். மீதியை நான்தான் எழுத வேண்டும் என்று அவளைத் தடுத்து வைத்தேன். ஏனென்றால் இது ஒரு திருத்தம். தப்பான விடைக்கு டிக் போட்டது நான்.

போட்டியன்று காலையில் ரஹீமுன்னிசாவிடம், "பாத்தியா, ஜூடிக்குத்தான் முதல் ஹீட்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"இத யார்கிட்டனா சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"அன்பியத்துல நாப்பது பேருக்குச் சொன்னேன். தம்பி படகுல ஸ்வீட் குடுத்துட்டான்."

"போச்சு. டீச்சர், ஃபர்ஸ்ட் ஹீட்டுனா ஃபர்ஸ்ட் பென்ச் இல்ல. லாஸ்ட் பென்ச்."

வேகத்தின்படிதான் கூட்டம் பிரிப்பார்களாம். மெதுவானவர்கள் முதலில், வேகமானவர்கள் கடைசியில். இதுவரை எந்தப் போட்டியிலும் நீந்தாத பிள்ளைக்குப் பதிவான நேரமே இருக்காது. பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'நேரம் இல்லை' என்று போட்டு முதல் ஹீட்டில் தள்ளிவிடுவார்கள். "என் பொண்ணும் மொத வருசம் அதுலதான் கீந்தா. நான் சொந்தக்காரங்க அத்தினி பேருக்கும் பிரியாணி போட்டேன்" என்றாள் ரஹீமுன்னிசா. இருவரும் சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சரி, இனி பெருமைப்பட வேண்டியதைச் சொல்கிறேன். தன் ஹீட்டில் ஜூடி இரண்டாவதாக வந்தாள். முப்பத்தெட்டுப் பேரில் இருபத்திரண்டாவது. ஏற்கெனவே நேரம் பதிவாகியிருந்த பல பிள்ளைகளை, அவர்களைப் பார்க்காமலே தாண்டியிருக்கிறாள். இருபத்திரண்டு என்பது உனக்குச் சின்னதாகப் படலாம். ஜூன் மாதம் இதே தூரத்துக்கு அவள் எடுத்தது ஐம்பத்தொன்பது விநாடி. பதினான்கு விநாடி குறைந்திருக்கிறது. பதினான்கு விநாடியில் ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கலாம். அவ்வளவு நேரத்தைத் தன் உடம்பிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறாள். கிளப்பில் பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு வைத்துப் பார்ப்பதில்லை. போன மாதத்து அவளோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள். நான் வாத்தியாராக இருந்தபோது ரேங்க் கார்டில் இதைச் செய்திருக்கலாம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, "போன தடவை நான் சொன்னது தப்பு" என்று முழுவதும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் 44.8 என்றால் என்ன என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பர் 29 கிளப்பின் ஆண்டு விழா. பிள்ளைகளுக்கு நேரம் எடுக்கும் போட்டியும், கடைசியில் பெற்றோர்களுக்கு ஒரு ரிலேயும் உண்டு. நாலு பெற்றோர், ஆளுக்குக் குளத்தின் ஒரு நீளம். ஜூடி யாரையும் கேட்காமல் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கரோலின்


இராயபுரம்
24 நவம்பர் 2024

அன்பு டெரிக்,

உடம்பு நலம்தானே? நான் எழுதி ஏழு வாரமாகியும் உன்னிடமிருந்து எழுத்து இல்லை. ஷிஜியிடம் போனில் மழையைப் பற்றி மட்டும் பேசுகிறாயாம்.

ஜூடி இப்போது 42.9. படிவம் மேஜை மேல் இருக்கிறது. ஷிஜி தன் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாள். டிசம்பர் 31 கடைசி நாள். அதற்குள் வராவிட்டால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எழுது.

கரோலின்


பாரதீப்
3 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மன்னிக்கவும்.

ஹுமாயூனிடம் முதல் ஹீட் கதையைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும் மாமு. ரெண்டு ரசகுல்லா துன்னப்புறம் இன்னாத்த சொல்றது? நீ அவ்ளோ சந்தோசமா இருந்த" என்றான். 44.8 என்று இன்ஜின் ரூம் கதவில் சாக்பீஸால் எழுதியவன் அவன்தான். இப்போது அதை அழித்து 42.9 போட்டிருக்கிறோம். கப்பலுக்கு வழிகாட்ட வருகிற பைலட்டுகள் எல்லாம் ஏதோ கருவியின் கணக்கு என்று நினைக்கிறார்கள்.

லீவு கிடைப்பது கஷ்டம் போலிருக்கிறது. ரிலேயில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். முதுகு வலி என்று காரணம் சொல்லலாம். யோசித்துப் பார்த்தால் இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. ஏழாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். வருடா வருடம் விழா, வருடா வருடம் ரிலே. அவளுக்கு எதற்கு இதெல்லாம்?

டெரிக்


இராயபுரம்
9 டிசம்பர் 2024

அன்புத் தம்பி,

சுகம் விசாரித்து நீட்டப் போவதில்லை. உன் முதுகு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

1986-இல் எனக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நீ நனைந்த சட்டையோடு வந்து நின்றாய். "தனியா நீந்திகினே வந்துட்டேன்கா" என்றாய். சட்டையைக் கழற்றினேன். இரண்டு அக்குளுக்கும் கீழே கயிறு அறுத்த சிவப்புக் கோடு. தேங்காய் எண்ணெய் தடவினேன். யார் கயிறு போட்டு இழுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ முகம் கழுவும்போதுகூடத் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வதை முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன். டக்கில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதவன் நீ ஒருவன்தான் என்று உன் பழைய கேப்டன் உன்னைப் புகழ்ந்தார். நான் தலையாட்டினேன்.

ஆனால் குற்றம் என்னுடையது. நீ அந்தக் கதையை இரண்டு மூன்று நாள்தான் சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டது நான். தைரியத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்றால், முப்பத்தைந்து வருடம் ஐந்தாம் வகுப்பில் உன்னைத்தான் சொன்னேன். ஜூடிக்கும் நான்தான் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன், உதாரணம் நன்றாக இருந்ததால்.

நீந்தத் தெரியாமல் இருபத்தைந்து வருடம் நீ டக்கின் விளிம்பில் நின்று வேலை செய்திருக்கிறாய். எனக்கு உண்மையான உதாரணம் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஜூடியிடம் நான் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது. முடிந்தால் வா.

அக்கா


பாரதீப்
7 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஷிஜி கட்டிக்கொடுத்த கருவாட்டில் பாதியை ஹுமாயூன் முடித்துவிட்டான். உங்கள் காலில் வீக்கம் இருந்ததே, டாக்டரிடம் காட்டினீர்களா?

விழாவில் நீங்களும் இருந்தீர்கள். ஆனால் மாடத்தில் இருந்தீர்கள். கீழே நடந்தது உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அன்று காலை ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோதே பின்னால் அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, அந்தக் கதை பொய் என்றேன். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்போ உன்ன யாரு தூக்குனா?"

"போட்ல இருந்தவங்க கயிறு போட்டாங்க."

"நீ புடிச்சிகினியா?"

"புடிச்சிகினேன்."

"எங்க மாஸ்டரும் அதான் சொல்வாரு. கயிறு வந்தா புடிக்கணும், கைய கால ஆட்டிகினு இருக்கக் கூடாதுன்னு."

அவ்வளவுதான். கோபமா, இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. குளத்துக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்து நேராக மாஸ்டரிடம் இழுத்துப் போனாள். எல்லோரும் கேட்கும்படி, "சார், எங்க அப்பாவுக்கு நீச்சல் தெரியாதாம். ரிலேல பேர அடிச்சிடுங்க. டைம் பாக்க ஆள் பத்தலன்னு சொன்னீங்க இல்ல, இவர வச்சிக்கங்க. டக்ல வேல, கை ஸ்டெடியா இருக்கும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை அக்கா. மாஸ்டர் என் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச்சை மாட்டிவிட்டார்.

டைம் பார்க்கிற வேலையை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். தன் பிள்ளை நீந்துகிற லேனை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஜூடி ஐந்தாவது லேன், எனக்கு இரண்டாவது. கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது, பக்கத்து லேனைப் பார்க்கக் கூடாது. பிள்ளை சுவரைத் தொடுகிற நொடியில் அமுக்க வேண்டும். அந்த விரல் தண்ணீருக்குள்ளே சுவரைத் தொடுகிறது. நின்றபடி பார்த்தால் தெரியாது. "விளிம்புல கால் வெச்சி, நல்லா குனிஞ்சி பாருங்க சார்" என்றார் மாஸ்டர்.

முதலில் முடியவில்லை. டக்கில் எனக்குக் கைப்பிடிக் கம்பி உண்டு, ஜாக்கெட் உண்டு. இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எதிரிலிருந்து ஒரு சின்னப் பெண் என் லேனில் வந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் தொட்டுவிட்டார்கள், இவள் ஒருத்திதான் பாக்கி. நான் சரியாகப் பார்க்காவிட்டால் அவள் உழைத்ததற்குக் கணக்கே இல்லை. குனிந்தேன். முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. அவள் கை வீச்சில் தெறித்த தண்ணீர் முழுவதும் என் முகத்தில். கண்ணை மூடவில்லை. விரல் தொட்டது, அமுக்கினேன். 58.3. யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணைச் சீட்டில் எழுதியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஜூடியின் ஹீட்டிலும் அப்படியேதான். 41.6 என்று நீங்கள் மேலிருந்து கைகாட்டிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"நான் தொட்டத பாத்தியாப்பா?"

"இல்லமா. நான் ரெண்டாவது லேன பாத்துகினு இருந்தேன்."

"கரெக்டு. பாத்திருந்தீன்னா உன்ன டைம் பாக்குறதுல இருந்து தூக்கியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நவ்ரீனைத் தேடி ஓடிவிட்டாள்.

அப்போது நீங்கள் ரஹீமுன்னிசா அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். ஷிஜி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சரி என்று வாயாலேயே சொன்னேன். அங்கேயே, குளத்து விளிம்பில் வைத்து, அவள் தன் பென்சில் புள்ளி மேல் கையெழுத்துப் போட, அதற்குக் கீழே நானும் போட்டேன். கை ஈரமாக இருந்ததால் கடைசி எழுத்து கலைந்துவிட்டது. வேறு படிவத்தில் போட்டுத் தரட்டுமா என்று மாஸ்டரைக் கேட்டேன். வேண்டாம், படிக்க முடிகிறது என்றார் மாஸ்டர்.

உங்கள் அன்புத் தம்பி,
டெரிக்